இனாமும் மாமூலும்

நம் மொழியில் வந்து குடியேறிய சொற்களுக்கும் நம்மைப் போலவே ஏற்றத் தாழ்வுகள் உண்டு. 'இனாம்' என்ற சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் கோயிலுக்கும் கல்விமானுக்கும் வரி நீக்கி வழங்கப்பட்ட நிலத்துக்கு அது பெயர். அத்தகைய நிலங்களை ஒழிக்க அன்றைய சென்னை மாநிலத்தில் 1963 இல் சட்டமே இயற்றப்பட்டது. இன்றோ ஓட்டலில் பரிமாறியவருக்கு வைத்துவிட்டு வரும் பத்து ரூபாய்தான் இனாம். 'மாமூல்' என்பதும் அரபுச் சொல்லே. வழக்கமானது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. ஆயினும் அச்சொல்லைச் சொல்ல நேர்ந்தால் நாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கோடு எங்கே ஓடுகிறது என்பது, இருபது ஆண்டுகளாக இத்தீவில் மத்திய அரசு எழுத்தராகக் காலம் தள்ளும் எனக்கு அடிக்கடி எழும் ஐயம்.

கப்பலில் வந்து சேர்ந்த நம்மவர்களுக்கு இந்த ஐயம் துறைமுகத்திலேயே தொடங்கிவிடும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். மூன்று நாள் பயணம். பங்க் வகுப்பில் புரண்டு, வாந்தியும் மயக்கமுமாக ஹாடோ துறையில் இறங்கும்போது கையில் குழந்தை, தோளில் பை, காலடியில் புளி மூட்டை, அப்பளக் கட்டு, அரிசிச் சாக்கு. மூட்டை தூக்குபவர் வந்து நிற்பார். பேரம் தொடங்கும். இருநூறு என்பார்; நூறு என்போம்; நூற்றைம்பதில் முடியும். பேசி முடித்த கூலி கூலியே. அது இனாம் ஆகாது. ஆனால், கப்பலிலேயே மறந்துவிட்டு வந்த குழந்தையின் பால் புட்டிக்காக அவர் மீண்டும் அந்தச் செங்குத்தான ஏணியில் ஏறி இறங்கினாரே, அதற்கு என்ன கணக்கு? அது பேச்சில் இல்லாதது. இனாம் என்பது அங்கேதான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

வேடிக்கை ஒன்று சொல்ல வேண்டும். மூட்டை தூக்குபவரிடம் இருபது ரூபாய்க்குக் கால்மணி நேரம் வாதாடியவரே, அன்று மாலை அபர்டீன் பஜாரில் குளிர்சாதன அறையில் உண்டுவிட்டு ஐம்பது ரூபாயைத் தட்டில் வைத்து எழுவதைக் கண்டிருக்கிறேன். ஐம்பது கிலோவைச் சுமந்தவருக்கு இல்லாத தாராளம், இரண்டு தோசையைச் சுமந்தவருக்கு எப்படிக் கிடைத்தது? ஓட்டலில் நாலு பேர் பார்க்கிறார்கள். துறைமுகத்தில் வெயில் மட்டுமே பார்க்கிறது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தட்டும் இப்போது மறைந்து வருகிறது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கண்ணாடி இழை வடம் இத்தீவுகளை எட்டியது. அதன் பின்னர் தேநீர்க் கடை முதல் மீன் சந்தை வரை கைப்பேசியிலேயே பணம் செலுத்துகிறோம். நன்மைதான்; மறுக்கவில்லை. ஆனால் சோம்பும் கற்கண்டும் வைத்த சிறு தட்டில் மீதிச் சில்லறை வரும். அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சத்தை விட்டுவிட்டு எழுவோம். நம் இனாம்களில் பாதி, கொடுக்க வேண்டும் என்று எண்ணிக் கொடுத்தவை அல்ல. சில்லறை இருந்ததால் கொடுத்தவை. இப்போது சில்லறை இல்லை. சுவரில் ஒட்டிய கட்டத்தைக் காட்டிக் கூடுதலாக இருபது செலுத்தினால் அது முதலாளியின் கணக்கில் போய் விழுகிறது. பரிமாறிய பையனுக்கு எட்டுமா என்பது முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. ஆகவே சட்டைப் பையில் பத்து ரூபாய்த் தாள்கள் ஐந்தாறை மடித்து வைத்துக்கொள்கிறேன். இதற்காகவே வங்கியில் வரிசையில் நிற்கிறேன் என்று என் இல்லாள் கேலி செய்வாள்.

சில பெரிய உணவகங்களில் நமக்கு அந்தத் தொல்லையும் இல்லாமல் 'சேவைக் கட்டணம்' என்று அவர்களே பில்லில் சேர்த்துவிடும் வழக்கம் பரவிற்று. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அது கூடாது என்று நெறிமுறை வகுத்தது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குத் தொடர்ந்தன. 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம், சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. மகிழ்ந்தேன். கட்டாயம் வந்தால் அது வரி. வரிக்கு நன்றி சொல்பவர் யார்?

பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பியுள்ள அன்பர்கள், அங்கே பில்லில் ஐந்தில் ஒரு பங்கை இனாமாக வைக்க வேண்டியிருப்பதைச் சொல்லி வியப்பர். வியப்பதற்கு முன் ஒரு செய்தியை அறிய வேண்டும். அந்நாட்டுக் கூட்டரசுச் சட்டப்படி, இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தரவேண்டிய குறைந்த கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான். பொதுவான குறைந்த கூலி 7.25. இடையில் உள்ள பள்ளத்தை உண்ண வந்தவர் நிரப்ப வேண்டும். அவர் நிரப்பாத போதுதான் முதலாளி நிரப்புவார். அங்கே இனாம் என்பது ஊதியத்தின் மறுபெயர். நம் ஓட்டல்களிலும் கணக்கு அவ்வளவு வேறுபட்டதன்று. எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

கொடுப்பதில் தொகையைவிடக் கொடுக்கும் வகை பெரிது என்பதை ஒரு பயணத்தில் கண்டேன். என் சித்தப்பா மகன், அவனும் மத்திய அரசு ஊழியனே, எல்.டி.சி. சலுகையில் குடும்பத்துடன் வந்திருந்தான். பாரடாங் சுண்ணாம்புக் குகைகளைக் காண வாடகை வண்டியில் புறப்பட்டோம். ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காடு. வண்டிகள் அணியாகத்தான் செல்லவேண்டும். நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, உணவு கொடுக்கக்கூடாது. இத்தனை தடைகளையும் படித்துவிட்டு, தம்பி மடியில் நான்கு பிஸ்கட் பொட்டலங்களை எடுத்து வைத்துக்கொண்டான். "பாவம், வழியில் நின்றால் போடலாமே" என்றான். ஓட்டுநர் திரும்பிப் பார்க்கவில்லை. "சார், இது அவங்க காடு. பொட்டலத்தைப் பைக்குள்ளே வைங்க. என் பர்மிட் போயிடும்" என்றார். பொட்டலங்கள் பைக்குள் சென்றன.

பாரடாங்கில் இறங்கியதும் தம்பி என்னைத் தனியே அழைத்து, "டிரைவருக்கு எவ்வளவு அண்ணா கொடுப்பது?" என்று கேட்டான். அவர் இரவு இரண்டு மணிக்கு எழுந்தவர். மூன்று மணிக்கு நம் வாசலில் நின்றவர். "முதலில் நம்முடன் உட்கார்ந்து சாப்பிடச் சொல். பணத்தை மாலையில் இறங்கும்போது அவர் கையில் கொடு, இருக்கையில் வைத்துவிட்டு வராதே" என்றேன். முந்நூறு கொடுத்தான். சரியான தொகையே.

ஓடும் வண்டியிலிருந்து வீசவிருந்த பிஸ்கட்டை நினைக்கும் போதெல்லாம் எனக்குப் புறநானூற்றுப் பெருஞ்சித்திரனார் நினைவுக்கு வருகிறார். மலையும் காடும் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காண வந்தவர் அவர். அதியமானோ அவரை நேரில் காணாமலே பரிசிலை மட்டும் அனுப்பிவைத்தான். வறுமையில் வாடிய புலவர் அதை வாங்க மறுத்தார். தாம் விலைக்குப் பாடும் வணிகர் அல்லர் என்றும், தம் தகுதி அறிந்து தருவது தினையளவே ஆயினும் இனிது என்றும் சொல்லி அனுப்பினார். இனாம் கொடுப்பதற்கு இதைவிட நல்ல விதிமுறை நூல் எனக்குக் கிட்டவில்லை.

கொடுப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறேனே, வாங்குவது? அங்கே என் கை கட்டப்பட்டுள்ளது. 1964 ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 13 ஆவது விதி பரிசுப் பொருள்கள் பற்றியது. ஊழல் தடுப்புச் சட்டம் 1988 இல் வந்தது. 2018 திருத்தத்திற்குப் பின் வாங்கியவர் மட்டுமன்றிக் கொடுத்தவரும் குற்றவாளியே. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் புகார் செய்தால் மட்டும் விலக்கு. ஓட்டல் பையன் தோசையைக் கொண்டுவராமல் நின்றால் நான் அடுத்த கடைக்குப் போவேன். எழுத்தன் கோப்பை நகர்த்தாமல் இருந்தால் குடிமகன் எந்த அடுத்த கடைக்குப் போவான்? இனாமும் மாமூலும் பிரியும் இடம் இதுவே என்று நான் நெடுநாள் எண்ணி வந்தேன். முன்னால் வாங்கினாலும் பின்னால் வாங்கினாலும் ஒன்றுதான். இன்று பின்னால் வாங்கினால் நாளை வருபவர் முன்னால் கொண்டு வருவார்.

ஆனால் மேசைக்கு எதிரே ஒரு முகம் வந்து அமரும்போது இத்தெளிவு கொஞ்சம் கலங்கத்தான் செய்கிறது. அரசுத் துறை ஒன்றில் மஸ்தூராக இருந்து ஓய்வு பெற்று இறந்தவரின் மனைவி ஒருவர்; இராமநாதபுரம் பக்கம். குடும்ப ஓய்வூதியத்துக்காகத் தாள்களைச் சுமந்து நான்கு முறை வந்தார். பெயரில் ஓர் எழுத்துப் பிழை, சரிசெய்து அனுப்பினேன். பணம் வரத் தொடங்கிய மாதம் வந்து, இருநூறு ரூபாயை முந்தானையிலிருந்து அவிழ்த்து மேசைமேல் வைத்தார். "வேண்டாம் அம்மா, நான் வாங்கக்கூடாது" என்றேன். "ஏன் தம்பி, என் காசு ஆகாதா?" என்றார். விதி எண் சொல்லி விளக்க முடியுமா? துறைமுகத்தில் நான் நீட்டும் தாளை ஒருவர் வாங்கிக்கொண்டால் அது என் பெருந்தன்மை, இவர் நீட்டினால் மட்டும் குற்றமா என்று அவர் கேட்கவில்லை, எனக்குத்தான் கேட்டது. பணத்தை எடுத்து அவர் கையிலேயே வைத்தேன். முகம் சுருங்கிப் போனார்.

மறுவாரம் ஒரு எவர்சில்வர் சம்படத்துடன் வந்தார். அதிரசம். எப்போதாவது கிடைக்கும் ஒரு வேளை உணவும் அதுபோன்ற விருந்தோம்பலும் பரிசாகா என்று 13 ஆவது விதியே சொல்கிறது. அடிக்கடியும் ஆடம்பரமாயும் கூடாது என்றும் சொல்கிறது. பிரிவிலிருந்த ஒன்பது பேரும் பகிர்ந்து உண்டோம். கண்காணிப்பாளர் இரண்டு எடுத்துக்கொண்டார். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது நம் ஊரில் வழக்கமில்லை அல்லவா? தேநீருக்கென்று அலமாரியில் வைத்திருந்த சர்க்கரையில் இரண்டு கைப்பிடி அள்ளிச் சம்படத்தில் போட்டு, மூடிக் கொடுத்தேன்.