பட்டாளத்துச் சித்தப்பா

யுத்தம் என்று ஒன்று வந்துவிட்டால், நம் வீடுகளில் யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா?

பையன்கள் செல்போனில் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு தளபதிகள் ஆகிவிடுகிறார்கள். அப்பாமார்கள் டீக்கடையில் உட்கார்ந்து பிரதம மந்திரிக்கு யோசனை சொல்கிறார்கள். நாமோ ஒரு கண்ணை அடுப்பிலும் ஒரு கண்ணை டெலிவிஷனிலும் வைத்துக்கொண்டு, அரிசி பருப்பை ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவிடலாமா என்று கணக்குப் போடுகிறோம். ஆக, எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை கிடைத்துவிடுகிறது, ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் யார் தெரியுமா? யுத்தம் என்றால் என்னவென்று உண்மையிலேயே தெரிந்தவர்!

அவர் உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கைவீசி நடப்பார். வாசலில் செருப்பை விட்டால்கூட இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும். தெருப் பிள்ளைகள் அவரை 'மிலிட்டரி' என்பார்கள். பெரியவர்கள் 'பட்டாளத்துக்காரர்' என்பார்கள். கல்யாண வீட்டில் பந்தியை ஒழுங்குபடுத்த அவரைத் தேடுவார்கள். ஆனால் எல்லையில் துப்பாக்கி வெடிக்கும்போது மட்டும் அவரை யாரும் தேடுவதில்லை.

'பென்ஷன் வாங்கும் கிழவர்தானே?' என்று நினைத்துவிடாதீர்கள். பழைய முறைப்படி சிப்பாயாகச் சேர்ந்தவர் 17 வருஷ சேவை முடித்து, நாற்பது வயதுக்கு முன்பே வீடு திரும்பிவிடுகிறார். வருஷத்துக்குச் சுமார் 60,000 பேர் இப்படி நம் முப்படைகளிலிருந்து வெளியே வருகிறார்கள். போதாக்குறைக்கு, 2022-இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தின்படி நாலு வருஷம் முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாகத் தங்கலாம். மற்றவர்கள் இருபத்தைந்து வயதை ஒட்டியே 'முன்னாள்' ஆகிவிடுவார்கள். ஆகையால் இது தாத்தாக்களின் சமாசாரம் மட்டும் அல்ல, சகோதரிகளே. உங்கள் மருமகனின் சமாசாரமாகவும் இருக்கலாம்.

என் தாயாரின் தங்கையைப் பூதப்பாண்டியில் கொடுத்திருக்கிறது. நாகர்கோவிலுக்கு வடக்கே, தோவாளைத் தாலுகாவின் தலைநகரம் அது. தாடகை மலையின் அடிவாரம், பழையாற்றுப் பாய்ச்சல், பூதலிங்க சுவாமி கோயில் என்று கண்ணுக்கும் மனசுக்கும் குளிர்ச்சியான ஊர். தோழர் ஜீவானந்தம் 1907-இல் பிறந்தது இங்கேதான். 1956 நவம்பர் முதல் தேதிதான் இந்தச் சீமை தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர். பட்டாளம் இந்தப் பக்கத்துக்குப் புதிய விஷயம் அல்ல. இதே ஜில்லாவின் குளச்சலில்தான் 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் சேனை டச்சுக்காரரை முறியடித்தது. அந்தத் திருவிதாங்கூர்ச் சேனையின் வழிவந்த படைதான் இன்று மெட்ராஸ் ரெஜிமென்டின் 9-வது பட்டாலியனாக விளங்குகிறது.

என் சித்தப்பாவும் அந்த ரெஜிமென்டில் 24 வருஷம் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வயது இப்போது அறுபதை எட்டிவிட்டது. 2025 மே மாதம் விடுமுறைக்காகப் பூதப்பாண்டி போயிருந்தபோது, மேலே சொன்ன 'வேலையில்லாத ஒருவரை' நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். ஏப்ரல் 22-ஆம் தேதி பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மே 7-ஆம் தேதி அதிகாலை 'ஆபரேஷன் சிந்தூர்' தொடங்கியது. அதே தினம் தேசமெங்கும் சிவில் பாதுகாப்பு ஒத்திகை. நம் பக்கத்தில் சென்னையிலும் கல்பாக்கத்திலும் சங்கு ஊதினார்கள். நான்கு நாட்கள் தேசமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. 10-ஆம் தேதி மாலை 5 மணிக்குச் சண்டை நின்றது.

அந்த நான்கு நாட்களும் சித்தப்பா சரியாகச் சாப்பிடவில்லை. டெலிவிஷனுக்கு முன்னால் உட்காருவார். அறிவிப்பாளர் கூச்சல் போட ஆரம்பித்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அங்கே இருப்புக் கொள்ளாது, மறுபடியும் உள்ளே வருவார். எட்டாம் தேதி இரவு சில சானல்கள் அந்தத் துறைமுகம் அழிந்தது, இந்த நகரம் விழுந்தது என்று இல்லாததை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தன அல்லவா? பக்கத்து வீட்டுப் பையன்கள் கிரிக்கெட் ஆட்டத்துக்குக் கைதட்டுவதுபோல் கைதட்டினார்கள். சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ராஜஸ்தான் மணலில் 1999-இல், கார்கில் யுத்தத்தின்போது, எந்த நிமிஷமும் உத்தரவு வரும் என்று பதுங்கு குழியில் காத்துக் கிடந்தவர் அவர். கைதட்டும் சத்தத்துக்கும் அந்தக் குழிக்கும் உள்ள தூரம் அவருக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலையில், டிஸ்சார்ஜ் புக்கை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். எங்கே போகிறார் என்று சொல்லவில்லை. மத்தியானம் திரும்பி வந்தார். ஏதோ ஓர் ஆபீசில் போய், "என் பேரை எழுதிக்கிடுங்க, காவல் நிக்கவாவது கூப்பிடுங்க" என்று கேட்டிருக்கிறார். அங்கே இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினாராம். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "தேவைப்பட்டா சொல்லி அனுப்புகோம் ஐயா, நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பி வைத்தாராம்.

அந்த 'ரெஸ்ட்' என்ற வார்த்தைதான் சித்தப்பாவுக்குத் தைத்துவிட்டது.

சாயங்காலம் திண்ணையில் மெதுவாக என்னிடம் சொன்னார்: "மக்களே, சண்டை வேணும்னு நான் சொல்லல்ல, கேட்டியா. சண்டை எவனுக்கு வேணும்? ஆனா சண்டைன்னு வந்தா எனக்குன்னு நிக்க ஒரு எடம் இருந்துது. இப்பம் அந்த எடத்துல வேற ஒரு பய நிக்கான். அதுதான் முறை. நான் எங்க நிக்க?"

நேயர்களே, இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கிறதா? தமிழர்களாகிய நாம் வீரத்தைப் பாடாத காலம் இல்லை. ஒரே மகனின் தலையைச் சீவி, கையில் வேல் கொடுத்துப் போர்க்களத்துக்கு அனுப்பிய தாயைப் பற்றிப் புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடியிருக்கிறார். களத்தில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டோம். போகிறவனுக்குப் பாட்டு, விழுந்தவனுக்குக் கல். போய்விட்டு முழுசாகத் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன என்றுதான் தெரியவில்லை.

வேறு தேசத்தார் யோசித்ததுண்டு. 1940 மே 14-ஆம் தேதி, ஹிட்லரின் சேனை ஐரோப்பாவில் பாய்ந்து வந்துகொண்டிருந்த நேரம். பிரிட்டிஷ் யுத்த மந்திரி அந்தோனி ஈடன் ரேடியோவில், பட்டாளத்தில் இல்லாத 17 முதல் 65 வயது வரை உள்ள ஆண்கள் உள்ளூர்க் காவலுக்குப் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்தார். ஒரே வாரத்தில் 2,50,000 பேர் வந்து நின்றார்கள்! 1914-18 யுத்தத்தில் போரிட்ட பழைய சிப்பாய்கள் அவர்களில் ஏராளம். ஆரம்பத்தில் கொடுக்கத் துப்பாக்கிகூட இல்லை. கம்பையும் வேட்டைத் துப்பாக்கியையும் வைத்துக்கொண்டு பாலத்தையும் கடற்கரையையும் காத்தார்கள். பின்னால் 'ஹோம் கார்டு' என்று பெயர் பெற்றது அந்தப் படைதான்.

நம் தேசத்திலும் இது நடக்காமல் இல்லை. 2025 மே மாதத்தில் ஜம்மு காஷ்மீரில் மின் நிலையங்கள், பாலங்கள் முதலியவற்றைக் காக்க 4,000 முன்னாள் படைவீரர்கள் தொண்டர்களாக முன்வந்தார்கள். அவர்களுடைய ஊரில் யுத்தம் வாசல்வரை வந்தது, ஆகவே கூப்பிட்டார்கள். பூதப்பாண்டியோ தேசத்தின் தென்கோடி. காஷ்மீரத்துக் குண்டுச் சத்தம் இங்கே கேட்காது. ஆனால் அங்கே நிற்கிற பையனின் தாயார் இங்கேதான் இருக்கிறாள். இதை எனக்குப் புரிய வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் சித்திதான்.

அன்று இரவு அடுக்களையில் சித்தி சொன்னாள்: "கார்கில் சமயத்துல அவ்வோ அங்க இருந்தாவ. நான் இங்க கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு, தபால்காரன் வாறானான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். காயிதத்துல '56 ஏ.பி.ஓ.'ன்னு மட்டும்தான் இருக்கும். எந்த ஊருன்னு தெரியாது. இப்பம் அவ்வோ இங்க உக்காந்து காத்துக் கெடக்காவ. நான் அப்பம் பட்ட பாட்டை இப்பம்தான் அவ்வோ படுகாவ. சண்டை போட அவ்வோளுக்குச் சொல்லிக் குடுத்தானுவ. காத்துக் கெடக்க யாரு சொல்லிக் குடுத்தா?"

நான் அசந்து போனேன். எவ்வளவு பெரிய உண்மை! யுத்த காலத்தில் காத்திருப்பது ஒரு தனி வேலை. அந்த வேலையை நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். சண்டை போட்டவர், ஓய்வு பெற்ற பின்தான், முதல் தடவையாக அந்த வரிசையில் வந்து நிற்கிறார். அவருடைய பழைய சிநேகிதனின் மகன் எல்லையில் இருப்பான். அவர் பயிற்சி கொடுத்த பையன் இன்று சுபேதாராக இருப்பான். அவருக்கோ தாய்க்குலத்தைப்போல வாய்விட்டு அழவும் தெரியாது.

சித்தி புலம்பியதோடு நிற்கவில்லை. மூன்று வீடு தள்ளி ஒரு பெண். கல்யாணமாகி எட்டு மாதம்தான். புருஷன் ஜம்முப் பக்கம். ஏழாம் தேதியிலிருந்து போன் 'ஸ்விட்ச் ஆஃப்'. பெண் தண்ணீர்கூடக் குடிக்காமல் டெலிவிஷன் முன்னால் கிடக்கிறாள். சித்தி நேரே சித்தப்பாவிடம் வந்து, "நிக்க எடம் இல்லைன்னு சொன்னியளே, அந்தப் பிள்ளை வீட்டுத் திண்ணையில போய் நில்லுங்க" என்றாள்.

சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் செய்த முதல் காரியம் டெலிவிஷனை அணைத்ததுதான். பிறகு அந்தப் பெண்ணிடம் நிதானமாகச் சொன்னார்: "போன் அடிக்காதது நல்லதும்மா. போனை வாங்கி வச்சிருப்பாவ, அது உத்தரவு. கெட்ட சமாசாரம்னா அது வாட்ஸ்அப்புல வராது. யூனிட்டுல இருந்து முறைப்படி சொல்லுவாவ. யாரும் வந்து சொல்லல்லேன்னா அவன் வேலையா இருக்கான்னு அர்த்தம். நீ கஞ்சி குடி."

அவள் குடித்தாள். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் சொல்லியும் குடிக்காதவள், அவர் சொன்னதும் குடித்தாள். ஏனென்றால் அவர் சொன்னது ஆறுதல் இல்லை, தகவல். புருஷன் இருக்கும் இடத்தையும் பட்டாலியன் பெயரையும் ஸ்டேட்டஸில் போட்டிருந்த அவளுடைய தம்பியை அழைத்து, உடனே அழிக்கச் சொன்னார். "எதுக்கு?" என்று அவன் கேட்டதற்கு, இரண்டே நிமிஷத்தில் அவனுக்கு முகம் வெளுக்கும்படி விளக்கினார்.

அடுத்த நாள் சாயங்காலம் அந்தத் திண்ணையில் இன்னும் நாலு பெண்கள். தேரேகால்புதூரிலிருந்துகூட ஓர் அம்மாள் பஸ் ஏறி வந்திருந்தாள். மகன் ராஜஸ்தானில். சித்தப்பா அவர்களுக்குப் பாலைவனத்தில் ராத்திரி எப்படிக் குளிரும், சாப்பாடு எப்படி வரும், எப்போது தூங்குவார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சித்தி உட்கார்ந்து, காத்திருப்பது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாள். பதினோராம் தேதி காலையில் அந்தப் பெண்ணுக்குப் போன் வந்தது. ஒரு நிமிஷம்தான் பேசினானாம். அன்று மத்தியானம் சித்தப்பா இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். 1962-இல் சீன யுத்தத்தின்போது நம் பாட்டிமார்கள் தேசப் பாதுகாப்பு நிதிக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள், ஜவான்களுக்குக் கம்பளிச் சட்டை பின்னி அனுப்பினார்கள். இன்று நம்மிடம் யாரும் வளையல் கேட்கவில்லை. ஆனால் நம் தெருவிலேயே இருக்கும் ஒரு செல்வத்தைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோம். டிசம்பர் 7-ஆம் தேதி கொடி நாளில் சட்டையில் கொடி குத்திக்கொள்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. உங்கள் தெருப் பட்டாளத்துக்காரரிடம் போய், "ஐயா, எங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும்" என்று கேளுங்கள். பட்டாளத்தில் சேரத் துடிக்கும் பையனை அவரிடம் அனுப்புங்கள். எல்லையில் பிள்ளையை வைத்திருக்கும் தாயாரை அவர் மனைவியிடம் அழைத்துப் போங்கள். பள்ளிக்கூடத்தில் தீயணைப்பு, முதலுதவி ஒத்திகை என்றால் அவரைக் கூப்பிடுங்கள். மாலை போட்டு மேடையில் உட்கார வைத்துவிட்டு, அவரைப் பேசவிடாமல் நாமே வீரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது மட்டும் வேண்டாம்.

இன்னொரு யுத்தம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அது வராமலே இருக்கட்டும். புயல், வெள்ளம், தீ விபத்து என்று நமக்கு வேறு கஷ்டங்கள் இல்லையா? அப்போதும் 'நான் எங்க நிக்க?' என்று ஒருவர் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார். "இங்கே நில்லுங்கள்" என்று சொல்ல நமக்கு எந்த ஆபீசின் உத்தரவும் தேவையில்லை.