மீனு வாங்குவேன்னு போடு

வீராம்பட்டினத்தில் இருக்கும் என் மாமா பையன், ஒயிட் டவுனில் ஒரு ரெஸ்டாரண்டில் மேனேஜர் வேலைக்கு மனு போட்டான். பயோடேட்டா தட்டிக்கொடுக்கிற வேலை என் தலையில். குடும்பத்தில் ஒரு சாஃப்ட்வேர்காரன் இருப்பது இதற்குத்தான்.

விளம்பரத்தில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் பட்டம் கேட்டிருந்தார்கள். இவன் பிளஸ் டூ. மேசை துடைத்து, சப்ளையராகி, இப்போது சரக்கு எடுப்பது வரை பதினோரு வருஷம். "அனுபவம்னு என்னடா எழுதட்டும்?" என்றேன்.

"மீனு வாங்குவேன்னு போடு மச்சான்."

சிரிப்புதான் வந்தது. ஆனால் யோசித்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். டூரிஸ்டுகளுக்கோ அதுதான் கோடை விடுமுறை. மெனு அட்டையில் அச்சடித்த விலைக்கு வஞ்சிரம் போட்டால் கடைக்கு நஷ்டம். சின்னப் படகுகளில் வருவதை விடியற்காலையில் பார்த்து, இன்றைக்கு எது உண்டு, எது இல்லை என்று ஒருவன் முடிவெடுக்க வேண்டும். படித்துவிட்டு வருகிறவர்கள் இதை ஃபுட் காஸ்ட் என்பார்கள். உணவுப் பாதுகாப்புச் சான்றிதழும் இவனிடம் இருந்தது. சில மணி நேரப் பயிற்சி அது.

நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ் என்றால் எல்லோரும் யான் மார்ட்டெல் நாவலைச் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தைய கதைதான் முக்கியம். 1950களில் காபி வாரியம் தன் கடைகளை மூடி ஆட்களை வெளியே அனுப்பியபோது, ஏ.கே. கோபாலன் தூண்டுதலில் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் கட்டினார்கள். 1957இல் பெங்களூரில் முதல் சங்கம். தட்டு தூக்கியவர்களே கடையையும் நடத்தினார்கள். யாரும் அவர்களிடம் பட்டம் கேட்கவில்லை.

இன்டர்வியூவில் முதலாளி கடைசியாகக் கேட்டாராம்: "ஆடி அஞ்சாவது வெள்ளி லீவு கேப்பீங்களா?" செங்கழுநீர் அம்மன் தேர். வீராம்பட்டினத்துக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

"கேப்பேன் சார். உங்க கிச்சன்ல பாதிப் பேரு எங்க ஊரு, அவங்களும் கேப்பாங்க. யாரு தேர் பாத்துட்டு மதியம் வரணும், யாரு முந்தின நாள் ராத்திரியே வேலைய முடிக்கணும்னு இப்பவே எழுதித் தரேன்."

எடுத்துக்கொண்டார்கள், அசிஸ்டன்ட் மேனேஜராக. மேனேஜர் பட்டம் வாங்கியவர், வெளியூர். மார்க்கெட்டில் மீன் பார்க்க அவருக்கு இவன்தான் சொல்லித்தர வேண்டுமாம். சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று நான் கேட்டேன். அவன் சொல்லவில்லை.