பூட்டன் பிறந்த இடம்

உச்சமுனை. காலை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. ஃபைபர் படகில் கிழவர் ஏறுகிறார். பின்னால் மகள். அவள் மடியில் பிஸ்கட் டின். டின்னுக்குள் பொலித்தீன். பொலித்தீனுக்குள் கடதாசிகள்.

தீவில் வீடு உண்டு. கிணறு உண்டு. உறுதி இல்லை. தலைமுறைகளாக இருந்ததைக் காட்ட வேண்டும்.

படகு கற்பிட்டியை நெருங்குகிறது. ஒல்லாந்தர் கோட்டை தெரிகிறது. 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடித்தது. இப்போது உள்ளே கடற்படை. கிழவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சாரத்தின் ஈரத்தைப் பிழிகிறார்.

பங்கு அலுவலகம். வாங்கு. மின்விசிறி சுற்றுகிறது, காற்று வாங்கு வரை வரவில்லை. மகள் டின்னைத் திறக்கிறாள்.

முதலில் அவளுடைய பிறப்புச் சான்றிதழ். தந்தை, பாட்டன், பூட்டன் என்று கட்டங்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் பூட்டன் வரை போய்த்தான் நின்றது. பாட்டன் கட்டத்தில் பெயர் இருக்கிறது. பூட்டன் கட்டத்தில் ஒரு கோடு.

அடுத்தது அரச அலுவலகக் கடிதம். தேடியதில் பூட்டனின் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை. மூன்று வரி, ஒரு முத்திரை.

பாதர் அலுமாரியைத் திறக்கிறார். ஞானஸ்நானப் பதிவேடு. முதுகில் துணி ஒட்டியிருக்கிறது. ஓரங்களைப் பூச்சி தின்றிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வருடங்கள். லத்தீன். ஐரோப்பியக் குரு ஒருவரின் சாய்ந்த எழுத்து.

பூட்டனின் பெயரில் ஒரே பக்கத்தில் மூன்று அந்தோனியுஸ்.

பாதரின் விரல் முதலாமவரில் நிற்கிறது. தகப்பன் பெயரை வாசிக்கிறார். கிழவர் தலையசைக்கவில்லை. இரண்டாமவர். தாயின் பெயர். கிழவர் கண்ணை மூடுகிறார். ஞானத்தாயின் பெயர் வருகிறது. கண் திறக்கிறது.

"அவ மருத்துவிச்சி. தீவில எல்லாப் பிள்ளையும் அவ கையிலதான் விழுந்தது."

பாதர் சாட்சி நிரலைப் பார்க்கிறார். பெயருக்கு எதிரே ஒரு சிலுவைக் குறி. கையெழுத்துக்குப் பதில் போட்டது. மை அந்த இடத்தில் மட்டும் தடித்திருக்கிறது.

ஊர்: கல்பென்டின். கற்பிட்டிக்கு அன்றைய வெள்ளைக்காரர் எழுதிய பெயர்.

மகள் குனிந்து பார்க்கிறாள்.

"உச்சமுனை என்று போட ஏலாதா பாதர்?"

"புத்தகத்தில உள்ளத மட்டும்தான் எழுதலாம்."

பாதர் படிவத்தை எடுக்கிறார். பெயர் எழுதுகிறார். திகதி எழுதுகிறார். கற்பிட்டி என்று எழுதுகிறார். முத்திரையை இரண்டு முறை ஊதுகிறார். முதல் குத்து மங்கல். இரண்டாவது சரி.

மகள் மை காயும்வரை கடதாசியைப் பிடித்திருக்கிறாள். கிழவர் இன்னும் பதிவேட்டின் மேல் குனிந்தபடி இருக்கிறார். மற்ற இரண்டு அந்தோனியுஸ்களையும் வாசிக்கச் சொல்கிறார். இருவரையும் தெரியும் என்கிறார். ஒருவர் கடலில் போனவர். மற்றவர் வழியில் ஒருவர் கிழவருக்குக் கடன்காரர்.

வாசலில் ஆட்கள். ஒருவர் கையில் ஃபைல், ஒருவர் கையில் சொப்பிங் பேக். பாதர் பதிவேட்டை மூடப் போகிறார். சொப்பிங் பேக்காரர் ஓர் அடி உள்ளே வைக்கிறார்.

"மூடாதீங்க பாதர். எங்களுக்கும் அதே பக்கம்தான்."