எங்கே நிறுத்துவது

காஜாங்கில் ஒரு சீன உணவகத்தின் மாடி மண்டபத்தில் அந்த டின்னர். 2025 ஏப்ரலில் அலிகேட்ஸ் குழுவின் பாடகர் டேவிட் ஆறுமுகம் காலமான பிறகு, அவர்கள் பாட்டு மட்டுமே பாடுகிற ராத்திரி என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். மகன் காரில் பேஸையும் ஆம்ப்பையும் ஏற்றிக்கொண்டு செமினியிலிருந்து ஐந்தரைக்கே கிளம்பிவிட்டேன். சவுண்ட் பார்க்கும் நேரம் வரும் என்று மேடை ஓரத்தில் காத்திருந்தபோது ஏற்பாடு செய்த பையன் வந்தான்.

"அங்கிள், ஆம்ப்பு இறக்க வேணாம். பேஸு டிராக்லயே இருக்கு. நீங்க சும்மா மாட்டிக்கிட்டு நில்லுங்க, படத்துக்கு நல்லா இருக்கும்."

மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1979இலிருந்து வாசிக்கிற கை இது. கல்யாணம், தோட்டத்துத் திருவிழா, தீபாவளி இரவு, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், சிரம்பான் என்று எங்கே கூப்பிட்டாலும் போய் வாசித்த கை. படத்துக்காக ஒருநாளும் மாட்டியதில்லை. பேஸைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு ரசிகர்கள் இருந்த மேசையில் போய் உட்கார்ந்தேன்.

பத்துப் பேர் மேசை. எல்லாரும் என் வயதை ஒட்டியவர்கள், அலிகேட்ஸைக் கரைத்துக் குடித்தவர்கள். பேச்சு சூடாகத்தான் இருந்தது. அண்ணன் டேவிட் குரலா, தம்பி லோகநாதன் குரலா? டேவிட்டின் தொண்டையில் மணல் இருந்தது, அந்த மணல்தான் சோல் என்றார் ஒருவர். லோகநாதன் பாடினால் கண்ணில் தண்ணீர் வரும், 2007இல் லோகா போனதோடு என் வரைக்கும் அலிகேட்ஸ் முடிந்துவிட்டது என்றார் இன்னொருவர். சிறந்த இசைத்தட்டு எது என்று அடுத்த சண்டை. 1979இல் வந்த 'தெரிமா காசே'தான் என்று மூன்று பேர். இசையமைப்பாளர் எம். நாசிர் அவர்களுக்கு எழுதத் தொடங்கிய பிறகு வந்தவைதான் உச்சம் என்று இரண்டு பேர். பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் பெரிய சுருட்டை முடியோடு மலாயில் பாடி, நாடு முழுவதையும் தங்கள் பக்கம் திருப்பினார்களே, அதை நினைத்து எல்லாருக்கும் ஒரே பெருமை. எனக்கும்தான்.

இரண்டு மணி நேரம் பேசினார்கள். பேஸ் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை.

அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் குரலை மட்டும் வைத்து சோல் பேசுவது, கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கோயில் பேசுவது போல. டேவிட் ஒரு வார்த்தையை இழுத்துப் பிடித்து, தாளத்துக்குப் பின்னால் தள்ளி இறக்குகிறாரே, அவருக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? கீழே ஒருவன் ரூட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பதால் வருகிறது. அலிகேட்ஸ் ஸ்டூடியோவில் பிறந்த குழு இல்லை. எழுபதுகளில் ஹாங்காங் போய், கிளப்புகளில் இரவு இரவாக சோல் வாசித்துவிட்டு வந்தவர்கள். அந்த ராத்திரிகள்தான் 'தெரிமா காசே'யில் கேட்கின்றன. டிரம்ஸும் பேஸும் ஒன்றை ஒன்று பார்க்காமலே ஒரே இடத்தில் இறங்குகின்றன. வருஷக்கணக்காக ஒரே வியர்வையில் நின்றவர்களுக்குத்தான் அது கைகூடும்.

அப்படி இறங்க, நோட்டுக்கு நடுவே இடைவெளி விடத் தெரிய வேண்டும். என் மாஸ்டர் அதைக் கார்வை என்பார்.

அவர் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். தவில் வாசிக்கிற குடும்பம். வாலிபத்தில் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பேஸ் கிட்டார் பக்கம் வந்துவிட்டார். நான் செமினியில் தோட்டத்து லயத்துப் பையன். அப்பா, அம்மா இருவரும் பால் மரம் வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காஜாங்குக்கு ஒரு பஸ், அங்கிருந்து கோலாலம்பூருக்கு ஒன்று, பிறகு செந்தூலுக்கு ஒன்று. அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நிற்கும்போது பதினொரு மணி ஆகிவிடும். அவர் குளித்து, திருநீறு பூசி, ரேடியோவை அணைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

முதல் மூன்று மாதம் ஒரே தந்தி, ஒரே நோட்டு. ஏழாவது ஃபிரெட்டில் ஏ தந்தியைப் பிடித்து ஈ. பாட்டு கிடையாது, ஸ்கேல் கிடையாது. அவர் தொடையில் தாளம் போடுவார், நான் ஒன்றில் அடிப்பேன். அடித்த நோட்டு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது தட்டு வருகிற இடத்தில் சட்டென்று என் தொடையில் ஒரு அடி விழும்.

"அடிக்கிறது எவனும் அடிப்பான்டா. எடுக்கிறது எப்பன்னு தெரியணும்."

எனக்குப் புரியவே இல்லை. அடித்த நோட்டு தானாக நிற்கட்டுமே, அதனால் என்ன கெட்டுவிடும் என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டும் விட்டேன். அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு தவில் குச்சியை எடுத்து வந்து முறத்தைக் கவிழ்த்து வைத்து, வாயால் சொற்கட்டு சொல்லிக்கொண்டே தட்டினார். பிறகு அதே சொற்கட்டைக் கார்வை இல்லாமல், இடைவெளியை எல்லாம் அடைத்துத் தட்டினார். இரண்டாவது வெறும் சத்தமாக இருந்தது. "ஸ்னேர் இறங்குற இடம் டிரம்ஸ்காரன் வீடு. அவன் வீட்டு வாசலில் நீ காலை நீட்டிப் படுத்திருந்தா அவன் எப்படி வெளியே வருவான்?" என்றார்.

சோல் வாசிப்பதில் என்னை அறுபத்தாறு வயது வரை விடாமல் துரத்துகிற பிரச்சினை இதுதான். இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் விழுகிறது. அதற்கு மயிரிழை முன்னால் நோட்டு செத்திருக்க வேண்டும். ரொம்ப முன்னால் செத்தால் பாட்டு திக்குகிறது. பின்னால் செத்தால் சேறாகிவிடுகிறது. இடது விரல் அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும், தந்தியை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் ஓப்பன் தந்தி உறுமும். பக்கத்துத் தந்திகள் தாமாக அதிராமல் வலது கைக் கட்டைவிரல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோஸ்ட் நோட் போடுவதெல்லாம் இதற்குப் பிறகுதான். இவ்வளவும் ஒரு நொடிக்குள், நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது தடவை. மெதுவான பாட்டுதான் கஷ்டம். வேகமான பாட்டில் தப்பு ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும். மெதுவான பாட்டில் நடு வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

ஆறாவது மாதமோ ஏழாவது மாதமோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரின் கை என் தொடைக்கு வரவில்லை. நான்கு ஆவர்த்தனம் வரவில்லை. நான் தலை தூக்கிப் பார்த்தேன். அந்த நொடியே அடி விழுந்தது.

அவர்தான் என்னை ஜேம்ஸ் ஜேமர்சனைக் கேட்க வைத்தார். டிட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனியின் பேஸ்காரர். அறுபதுகளில் உலகமே ஆடிய அத்தனை பாட்டுக்கும் அடியில் அவருடைய ஒரு விரல் இருந்தது. சும்மா சொல்லவில்லை, வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே வாசித்தவர். தந்தியை மாற்றவே மாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சை அடைத்து வைத்திருப்பார், நோட்டு சீக்கிரம் சாவதற்காக. மாஸ்டர் என் தொடையில் அடித்துச் சொன்னதை அவர் ஸ்பாஞ்சை வைத்துச் செய்திருக்கிறார். அந்த ஜேமர்சனின் பெயர் மோட்டவுன் இசைத்தட்டு அட்டையில் முதலில் வந்தது 1971இல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தட்டில். பத்து வருஷத்துக்கு மேல் வாசித்த பிறகு! 1983இல் கம்பெனியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு அவரை மேடைக்கு அழைக்கவில்லை. டிக்கெட் வாங்கிப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார் என்று சொல்வார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தமிழிலும் அதே கதைதான். இளையராஜா பாட்டில் பேஸ் எப்படித் தனியாக ஒரு பாட்டுப் பாடுகிறது என்று இப்போது எல்லாரும் வியக்கிறார்கள். அவற்றில் பலவற்றை வாசித்த சசிதரன் பெயரைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் விழிக்கிறார்கள்.

இப்போதுள்ள பிள்ளைகளிடம் எனக்கு இருக்கிற வருத்தம் அவர்கள் டிராக் போடுகிறார்கள் என்பது மட்டும் இல்லை. அவர்கள் பேஸைக் கேட்டதே இல்லை. கைப்பேசியில் கேட்டு வளர்ந்தவர்கள். பேஸின் கீழ்த் தந்தி ஓப்பனில் 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. மேலே மிதக்கிற நிழலைத்தான் தருகிறது, மூளை மிச்சத்தை ஊகித்துக்கொள்கிறது. அந்த ஒரு அலை காற்றில் எட்டு மீட்டருக்கு மேல் நீளம். தோட்டத்துக் கோயில் திடலில் பதினைந்து அங்குலப் பெட்டியில் வாசித்தால், மேடைக்குப் பக்கத்தில் நிற்பவன் வயிற்றில் மட்டுமல்ல, தள்ளி நிற்பவன் வயிற்றிலும் அது இறங்கும். கிழவிகள் வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு நெஞ்சைத் தடவிக்கொள்வார்கள். அந்தத் திடல் இன்றைக்கு இரட்டை மாடி வீடுகள் வரிசையாக நிற்கிற தாமான், வாசலில் காவலாளி.

டிராக்கில் இருக்கிற பேஸ் எல்லா நோட்டையும் சரியான இடத்தில் அடிக்கிறது. எல்லா நோட்டையும் ஒரே இடத்தில் நிறுத்துகிறது. பாடகர் மூச்சுத் திணறினாலும் அதற்குத் தெரியாது. அன்றைக்குக் காஜாங்கில் பாடிய பையனுக்கு நல்ல குரல். டேவிட்டைப் போல ஒரு வரியை இழுத்துப் பின்னுக்குப் போட ஆசைப்பட்டான். நானாக இருந்தால் அவன் தோளைப் பார்த்தே அரை மாத்திரை காத்திருப்பேன். டிராக் காத்திருக்கவில்லை. அவன் பயந்து, அடுத்த வரியில் ஓடிவந்து ஒட்டிக்கொண்டான். மேசையில் யாரோ "டேவிட் டேவிட்தான்" என்றார்கள். பையன் மேல் தப்பில்லை. அவனுக்கு அடியில் தரை இல்லை.

பத்தரைக்குச் செமினிக்குத் திரும்பிவிட்டேன். இடது கை நடுவிரல் முட்டி காலையில் மடங்க மறுக்கிறது, இனி மேடை வேண்டாம் என்று வீட்டில் சொல்லி ஒரு வருஷமாகிறது. அன்றிரவுதான் ஒப்புக்கொண்டேன்.

ரசிகர்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'தெரிமா காசே' என்றுதான் சொல்லியிருப்பேன். அவர்கள் சொன்ன காரணத்துக்காக இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தட்டைத்தான் எடுத்துப் போட்டேன். ஆம்ப்பை மிகக் குறைவாக வைத்துக் கூடவே வாசித்தேன். மெதுவான பாட்டு ஒன்றில், இரண்டாவது அடிக்குள் போகிற இடத்தில், என் நோட்டு ஸ்னேர் மேல் படிந்தது. கொஞ்சம்தான். மாஸ்டர் இருந்திருந்தால் தொடையில் விழுந்திருக்கும். ஊசியைத் தூக்கிப் பாட்டின் தொடக்கத்தில் வைத்தேன்.