ரகுமானும் ரஹ்மானும்

தல்லாகுளத்துப் பெருமாள் கோயிலிலிருந்து தெற்கு நோக்கிச் சற்றே நடந்தால் கோரிப்பாளையம் தர்கா. ‘கோர்’ என்னும் பாரசீகச் சொல்லுக்குக் கல்லறை என்பது பொருள். அதுவே ‘கோரி’ ஆயிற்று என்பர். நகரப் பேருந்தில் அப்பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்கும் எவரும் தாம் பாரசீகம் பேசுவதாக எண்ணுவதில்லை.

1992-இல் ‘ரோஜா’ வெளிவந்தபோது நாம் கல்லூரி மாணவர். தல்லாகுளத்துத் தேநீர்க்கடை ஒன்றில் அப்பாடல்கள் ஒலிக்க, நண்பரொருவர் “யாரப்பா இந்த ரகுமான்?” என வினவினார். “ரகுமான் அன்று, ரஹ்மான்” எனத் திருத்தினோம். மதரஸாவில் நான்கு எழுத்துக் கற்ற செருக்கு! வீட்டில் இதனைப் பெருமையாகக் கூறியபோது அத்தா சிரித்தார். அவர் பெயரும் அதுவே. “ஊரே என்னை ரகுமான்னுதான் கூப்பிடுது. நான் திரும்பிப் பாக்காமலா போறேன்?” என்றார்.

திலீப் குமாராகப் பிறந்த அவ்விசையமைப்பாளர் ஏற்ற பெயரின் முன்னெழுத்துகள் ‘அல்லாஹ் ரக்கா’ என விரியும். இறைவனால் காக்கப்பெற்றவர் என்பது பொருள். ‘ரஹ்மான்’ அளவற்ற அருளாளன் என்னும் இறைத்திருநாமம். தாயின் கருவறையைக் குறிக்கும் ‘ரஹிம்’ என்னும் அரபுச் சொல்லும் இவ்வேரிலிருந்தே கிளைத்தது. இறைவனுக்குரிய பெயராதலின், மாந்தர்க்கு இடும்போது அடியான் எனப் பொருள்படும் ‘அப்து’ சேர்த்தல் மரபு. அவ்வாறு சேருங்கால் இடையிலுள்ள லகரம் ஒலிக்காது. அரபு நாவில் அது ‘அப்துர் ரஹ்மான்’. ஆக, அன்று நண்பரைத் திருத்திய நாமே அத்தாவின் பெயரை ‘அப்துல்’ என்றுதான் வாழ்நாளெல்லாம் பிழைபடச் சொல்லி வந்தோம்!

இனி, ‘ரகுமான்’ பிழைதானா? தொண்டையடியிலிருந்து காற்றோடு எழும் அவ்வரபு எழுத்துக்குத் தமிழில் நேரெழுத்து இல்லை; ஹகரமும் கிரந்தம் தந்ததே. ககரமெய்யை அடுத்து மகரம் நிற்பது தமிழுக்கு இயல்பன்று. எனவே இடையில் உகரம் புகுந்தது. ‘முகம்’ என்னும் சொல்லை உரக்கச் சொல்லிப் பாருங்கள். உயிர்களுக்கிடையே நிற்கும் ககரம் மென்மையுற்று ஏறத்தாழ ஹகரமாகவே ஒலிக்கும். ரகுமானிலும் அவ்வாறே. வடசொல்லைத் தமிழெழுத்தால் அமைத்துக்கொள்ளத் தொல்காப்பியரே இடம் தந்தார். ‘சீறத்’ என்னும் அரபுச் சொல்லை உமறுப்புலவர் ‘சீறா’ ஆக்கினார். அதனால் காப்பியத்தின் மாண்பு குன்றிற்றா?

நம் மதுரையில் 1937-இல் பிறந்து, வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்து, 2017-இல் மறைந்த கவிக்கோ தம் நூல்களில் ‘அப்துல் ரகுமான்’ என்றே பொறித்தார். 1999-இல் ‘ஆலாபனை’க்குச் சாகித்திய அகாதெமி விருது வந்ததும் அப்பெயருக்கே.

இவையெல்லாம் நமக்குப் பிந்தித் தெரிந்தவை. அத்தா மறைந்தபோது இறப்புப் பதிவுப் படிவத்தை நிரப்பியவர் நாம். பணிப்பதிவேட்டில் ‘ரகுமான்’ என்றிருப்பதைப் பாராமல், திருத்தமாக எழுதுவதாக எண்ணி ‘ரஹ்மான்’ என எழுதினோம். குடும்ப ஓய்வூதியம் கோரிய இடத்தில், இருவரும் ஒருவர்தாமா எனக் கேட்டுக் கோப்பைத் திருப்பிவிட்டனர். அம்மா ஏழு மாதம் கையில் காசின்றிக் காத்திருந்தார். நம்மை ஒரு சொல்லும் கடிந்திலர், அதுதான் சுட்டது.

முடிவில், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதினோம். சான்றளிக்கும் வழக்கறிஞர் அம்மாவிடம், “உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்கம்மா” என்றார். அம்மா நம் முகத்தைப் பார்த்தார். கணவர் பெயரை நாவால் சொல்லியறியாத தலைமுறை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மிக மெல்ல, “ரகுமான்” என்றார்.

நாம் திருத்தவில்லை.