பாதி படித்தால் பாதி வேலை முடிந்ததா?

பரீட்சை நெருங்கினால் விடுதிகளில் கேட்கும் யோசனை ஒன்று உண்டு. "முதல்ல பாதியை நல்லா மனப்பாடம் பண்ணிடு. அப்புறம் மீதிப் பாதிதானே!" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூளை அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

முதலில் நல்ல செய்தி. 1953-ல் அமெரிக்க உளவியலாளர் பௌஸ்ஃபீல்ட், விலங்கு, ஆள் பெயர், தொழில், காய்கறி என நான்கு வகைகளில் 60 சொற்களை எடுத்துக்கொண்டார். அவற்றைக் கலைத்துப்போட்டு மாணவர்களுக்குச் சொன்னார். நினைவிலிருந்து எழுதச் சொன்னபோது விலங்குகள் ஒரு கும்பலாகவும் காய்கறிகள் ஒரு கும்பலாகவும் வந்தன. யாரும் அடுக்கச் சொல்லவில்லை, மூளையே அடுக்கிக்கொண்டது.

அடுக்கியே கொடுத்தால்? 1969-ல் கார்டன் பௌவரும் சகாக்களும் 112 சொற்களைக் கிளை பிரித்துக் காட்டினார்கள். கனிமம் என்றால் அதன் கீழே உலோகம், கல் என்று இரண்டு கிளைகள், அவற்றுக்குக் கீழே இன்னும் சில. இப்படிப் பார்த்தவர்கள் முதல் தடவையிலேயே சராசரியாக 73 சொற்கள் சொன்னார்கள். அதே சொற்களைத் தாறுமாறாகப் பார்த்தவர்கள் சொன்னது சுமார் 21தான்!

இனி சிக்கலுக்கு வருவோம். 1966-ல் எண்டல் டல்விங் ஒரு குழுவை 18 சொற்கள் படிக்க வைத்தார். அடுத்து 36 சொற்கள் கொண்ட பட்டியல். அதில் பாதி, ஏற்கெனவே படித்த அதே 18. இன்னொரு குழு, சம்பந்தமே இல்லாத 18 சொற்களைப் படித்துவிட்டு இதே 36-க்கு வந்தது. ஆரம்பத்தில் பாதி தெரிந்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஆனால் சுற்றுகள் போகப்போக மற்ற குழு அவர்களைத் தாண்டிப் போய்விட்டது.

ஏன் அப்படி? டல்விங்கின் விளக்கம் எளிமையானது. முதல் குழுவினர் 18 சொற்களைத் தங்களுக்குள்ளேயே கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்துவிட்டார்கள். முழுப் பட்டியலுக்கு அந்தக் கட்டுகள் பொருந்தவில்லை. பழைய கட்டு பிரிய மறுத்ததால் புதுச் சொற்களுக்குச் சரியான இடம் கிடைக்கவில்லை. உதவிய அடுக்கே குறுக்கே நின்றது.

ஆக, விடுதி யோசனையைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். பாதியைத் தொடும் முன், முழுப் பாடத்தின் தலைப்புகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பேரேடு எழுதுபவர் எந்தெந்தக் கணக்குகள் வரும் என்று யோசித்துப் பக்கம் ஒதுக்கிவிட்டுத்தானே பதிவுகளை ஏற்றுகிறார்? பாதிப் பதிவுகளுக்கு மட்டும் பக்கம் ஒதுக்கினால், மீதி வரும்போது அடித்துத் திருத்த வேண்டியதுதான்!