அழைப்பும் அடைபட்ட கதவுகளும்

கிறிஸ்தவ வாழ்க்கையில் அடிக்கடி கேட்கும் சொற்களில் ஒன்று 'அழைப்பு'. தேவன் அழைத்தால் தடைகள் தானாக விலகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் முதல் தடை வந்தவுடனேயே சந்தேகமும் வந்துவிடுகிறது. இது உண்மையிலேயே தேவனுடைய அழைப்புதானா? அல்லது சொந்த ஆசையா?

இந்தக் கேள்வி உள்ளவர்கள் ஐடா ஸ்கடரின் வாழ்க்கையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஐடா 1870-ஆம் ஆண்டு ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-இல் இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனெரி. தந்தையும் மருத்துவரே. குடும்பமே ஊழியத்தில் இருந்தது. ஆனால் ஐடாவுக்கு அந்த வாழ்க்கை வேண்டாம். சிறு வயதில் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர். அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ்ந்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஆசை. 1890-இல் தாய் நோயுற்றதால்தான் திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாளில் திரும்பிவிடுவதாகத் திட்டம்.

அப்போதுதான் அந்த இரவு வந்தது.

ஒரு பிராமண இளைஞர் கதவைத் தட்டினார். அவருடைய மனைவி பிரசவத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். தந்தை வருவார் என்றார் ஐடா. வேற்று ஆண் பெண்ணைப் பார்க்க வழக்கம் இடம் கொடுக்காது, நீங்கள்தான் வர வேண்டும் என்றார் அவர். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. அவர் போன பின் ஒரு முஸ்லிம் கணவர் வந்தார். பிறகு இன்னொரு இந்துக் கணவர் வந்தார். மூவருக்கும் ஒரே துயரம், மூவரிடமும் ஒரே மறுப்பு. விடிந்ததும் செய்தி வந்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

ஐடா அந்த இரவு முழுவதும் தூங்கவில்லை. காலையில் பெற்றோரிடம், அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பி வருவேன் என்று சொன்னார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது பலரும் ஒன்றை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அந்த மூன்று பெண்களும் காப்பாற்றப்படவில்லை. ஐடாவை அழைப்பதற்காக அவர்கள் சாக வேண்டியிருந்தது என்று சொன்னால் அது கொடுமையான பேச்சு. அவர்கள் ஏன் இறந்தார்கள் என்பதற்கு ஐடாவிடம் விளக்கம் இல்லை. அடுத்து வரும் பெண்ணுக்குத் தன்னால் என்ன செய்ய முடியும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. அழைப்பு பல நேரங்களில் அவ்வளவுதான். விளக்கம் கிடைப்பதில்லை, வேலை மட்டும் கிடைக்கிறது.

சரி, கீழ்ப்படிந்த பிறகாவது பாதை எளிதானதா? இல்லை!

1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மருத்துவமனை கட்ட ஷெல் என்ற வங்கியாளர், இறந்த தன் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். ஐடா 1900-இல் வேலூர் வந்தார். அனுபவமுள்ள தந்தையிடம் தொழில் பழகலாம் என்பதே அவருடைய நம்பிக்கை. அதே ஆண்டில் தந்தை இறந்துவிட்டார். இளம் மருத்துவர், அதிலும் பெண், தனியாக நின்றார். வீட்டில் ஒரு சிறிய அறையில்தான் வைத்தியம் ஆரம்பமானது. 1902-இல் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்க முயன்றபோது மூன்று விண்ணப்பங்கள் வந்தாலே அதிர்ஷ்டம் என்றார்கள். வந்தவை 151. ஆனால் 1930-களின் இறுதியில் அரசு விதிகள் மாறின. பள்ளியைப் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்த்த வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும் என்ற நிலை வந்தது. எழுபது வயதைத் தொட்ட ஐடா மீண்டும் அமெரிக்கா போய்ப் பணம் திரட்டினார். 1960-இல் கொடைக்கானலில் அவர் இறந்தபோது, அந்த ஒற்றை அறை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருந்தது.

மோசேயின் கதையிலும் இதே ஒழுங்கு உண்டு. எரியும் முட்செடியின் முன் நின்று, தன்னால் முடியாது என்று அவர் காரணங்களை அடுக்கினார். தேவன் கூடவே இருப்பதாக வாக்களித்தார். அதற்குக் கொடுத்த அடையாளம் என்ன? ஜனங்களை மீட்டு வந்த பிறகு இதே மலையில் ஆராதிப்பீர்கள் என்பதுதான். அடையாளம் முன்னால் இல்லை, கீழ்ப்படிந்த பிறகே வருகிறது!

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது விசுவாசம் ஆகாது. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இயேசுவே சொன்னார். ஐடாவும் அன்றிரவே தெரியாத வைத்தியத்தைச் செய்யப் புறப்படவில்லை. பொறுமையாகப் படித்துவிட்டு வந்தார். எந்தக் கணக்கிலும் தந்தையின் மரணத்தை முன்கூட்டியே எழுதி வைக்க முடியாது. கணக்கில் வராத அந்த இடத்தில்தான் நம்பிக்கை தேவைப்படுகிறது.

எனவே, தடை வந்தது என்பதால் அழைப்பு பொய்யாகிவிடாது. பயம் இருப்பதால் விசுவாசம் இல்லை என்றும் ஆகிவிடாது. கதவு அடைபட்டிருக்கிறதே என்று கலங்குகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுப் பார்க்கலாம்: வெளியே நின்று தட்டுகிறவர் யார்?